நாலாவது சரணத்தில் பனி

"ஏன் உங்கட பாட்டில எல்லாம் நான் செத்துச் செத்துப் போறன்?" என்று ஒருநாள் காலையில் என் மனைவி கேட்டாள். இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டு கேட்டாள்.

"அது நீரில்லை. பாட்டில வாற பொம்பிளை," என்றேன்.

"பாட்டில 'என்ர மனிசி' எண்டுதானே எழுதியிருக்கிறியள். உங்களுக்கு எத்தினை மனிசி?"

நான் வாசிக்கும் சங்கீதத்தில் அது அப்படித்தான் என்று அவளுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். பாதிப் பாட்டில் மனைவி இறந்துவிடுவாள், மீதிப் பாட்டில் வேறொருவனோடு போய்விடுவாள்.

"ரெண்டும் வேண்டாம். ஒரு பாட்டில எண்டாலும் என்னை வீட்டில இருக்க விடுங்கோ," என்றாள்.

அப்போது இருவரும் சிரித்தோம்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசித்தேன், எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். டொராண்டோவுக்கு வந்து நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு மதுச்சாலைச் சமையலறையில் சட்டி பானை கழுவினேன். புதன்கிழமைகளில் அங்கே புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புறச் சங்கீதத்தை ஒரு கோஷ்டி வாசிக்கும். பாஞ்சோ, மண்டலின், கிற்றார், பெரிய பாஸ், பிடில். வயலினைத்தான் அவர்கள் பிடில் என்றார்கள். பிடில்காரர் வேறு மாகாணத்துக்குப் போய்விட்ட ஒரு புதன்கிழமை, "எங்கட சட்டி கழுவுறவர் வாசிப்பார்" என்று சமையல்காரர் போய்ச் சொல்லிவிட்டார். நான் குளிர் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

வேகமான பாட்டுகளில் என்னால் அவர்களோடு ஓட முடியவில்லை. மெதுவான பாட்டொன்று வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியை வாசிப்பதுபோல ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு விரலை இழுத்துக்கொண்டு போனேன். பாஞ்சோக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த புதன்கிழமை ஏப்ரனைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவருக்குத் தலை நரைத்துவிட்டது, எனக்கு முன்மயிர் இல்லை. ஒன்ராறியோவில் நாங்கள் வாசிக்காத விவசாயக் கண்காட்சியும் இல்லை, பழைய படைவீரர் மண்டபமும் இல்லை. சொந்தக்காரர் வீடுகளில் நான் நுழைந்தால், "கவ்போய் வந்திட்டார், குதிரையை எங்க கட்டினனியள் அண்ணை?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டு ஒரு மூலையில் இருந்துவிடுவேன். சட்டி கழுவுவதை விட்டபிறகு சேர்ந்த பேக்கரிக்குத்தான் இன்னும் வேலைக்குப் போகிறேன்.

பாட்டும் எழுதுகிறேன். முதலில் மெட்டு வரும். பிறகு எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த இங்கிலீஷ் சொற்களை அதற்குள் போடுவேன். வீடு, கதவு, தண்ணீர், குருவி, சப்பாத்து, பனி. அதற்கு மேல் என்னிடம் அதிகம் இல்லை. பாஞ்சோக்காரர் இலக்கணத்தைத் திருத்திப் பாடுவார். சின்னச் சொற்கள் என்றபடியால்தான் என் பாட்டுகள் நிற்கின்றன என்பார். எனக்கு அது புகழ்ச்சியா என்று தெரியாது.

நான் சொல்ல வந்த பாட்டை ஒரு ஏப்ரல் மாதம் எழுதினேன். மனைவியை இழக்கப்போகும் ஒருவன் பாடுவது. முதல் சரணத்தில் ஒரு குருவி வீட்டுக்குள் வந்து அவளுடைய கதிரையில் இருக்கும், ஆனால் பாடாது. இரண்டாவதில் குழாய்த் தண்ணீர் மண்ணிறமாக வரும். மூன்றாவதில் வாசலில் அவளுடைய சப்பாத்து ஒன்றுதான் இருக்கும், மற்றது இல்லை. அதற்குப் பிறகு பாடுகிறவர் ஒதுங்கி நிற்பார், பிடில் தனியாக வரும். என் வாசிப்பு முடிந்ததும் நாலாவது சரணம். முதல் பனி பெய்திருக்கிறது, வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் அவளுடைய காலடிகள் தெரிகின்றன, தெருவிலிருந்து வாசலுக்கு வரும் காலடிகள் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. அவள் செத்தாள் என்று எங்கேயும் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை பாடியபோதே சனங்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிந்தால் கொஞ்ச நேரம் ஒருவரும் கை தட்டமாட்டார்கள். பிறகு தட்டுவார்கள். நான் எழுதியவற்றில் அப்படி வேறு எதுவும் அமையவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். அடுப்புக்கு மேலே புகை போகிற குழாய்க்குள் என்னவோ கீறுகிற சத்தம் கேட்டது. குழாய் மூடியைக் கழற்றினேன். ஒரு கறுப்புக் குருவி வெளியே வந்து சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யன்னலோரக் கதிரையின் முதுகில் இருந்தது. அது அவளுடைய கதிரை. நான் பின்கதவைத் திறந்து வைத்தேன். வெளியில் நல்ல வெயில், மற்றக் குருவிகளின் சத்தம் கேட்கிறது. இது அசையவுமில்லை, வாய் திறக்கவுமில்லை. ஒரு பக்கக் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் மனைவி துவாயை விசிறித் துரத்தினாள்.

இந்த ஊரில் இது எல்லார் வீட்டிலும் நடக்கிற விஷயம். குழாய்க்கு வலை அடித்துவிட்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஓகஸ்ட்டில் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். தண்ணீர் நிறம் மாறி வரலாம், பயப்பட வேண்டாம் என்று வாசல் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மத்தியானம் குழாயைத் திறந்தால் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் வந்தது. மனைவி அதை ஒரு கிளாசில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ. மூண்டாவது சரணத்தில என்ன?" என்று கேட்டாள்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"குருவி வந்த அண்டைக்கே தெரியும். நீங்கள் பயப்படுவியள் எண்டு சொல்லேல்லை."

"நானும் நீர் பயப்படுவீர் எண்டுதான்..."

"நல்ல சோடி," என்றாள். தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். "ஊரில கூத்தில செத்தவன் என்ன செய்வான்? எழும்பி வந்து மங்களம் பாடிப்போட்டுத்தான் வீட்டை போவான். உங்கட பாட்டில ஒருத்தரும் எழும்பேல்லையே. அப்பிடியே விட்டிட்டு எல்லாரும் வீட்டை போறியள்."

அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. பாட்டில் போனவள் திரும்பி வருவதாக ஐந்தாவது சரணம் ஒன்று எழுதப் பார்த்தேன். பேக்கரிக்குப் போகிற பஸ்ஸில் இருந்து எழுதுவேன். அவளைத் தெரு முனைவரைக்கும் கொண்டுவர முடிந்தது. வாசலுக்குக் கொண்டுவரச் சொல் வரவில்லை. பாஞ்சோக்காரரிடம் காட்டினேன். "அவள் திரும்பி வந்தால் இது பாட்டில்லை, விளம்பரம்," என்றார். அவர் இங்கிலீஷில் சொல்வதை எனக்கு விளங்கினபடிதான் எழுதுகிறேன்.

"அப்ப இதைப் பாடவேண்டாம்," என்று சொன்னேன். காரணம் கேட்டார். வீட்டில் விருப்பமில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாலும் பாடுவதை நிறுத்திவிட்டார்.

பாடாமல் விட்டால் நின்றுவிடும் என்று நினைத்தோம். ஒக்டோபரில் விட்பியில் அவளுடைய சொந்தக்காரர் ஒருவரின் புது வீட்டுக்குச் செபம் சொல்லிச் சாப்பாடு போட்டார்கள். வாசல் முழுக்கச் சப்பாத்து, கால் வைக்க இடமில்லை. நாங்கள் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் வெளிக்கிட்டோம். வாசலில் வீட்டுக்காரரின் சப்பாத்துகளும் என்னுடைய சோடியும் மனைவியின் இடது கால் சப்பாத்தும் இருந்தன. வலது கால் இல்லை.

"ஆரோ மாறிப் போட்டுக்கொண்டு போட்டினம்," என்றாள் வீட்டுக்காரி.

"மாறிப் போட்டால் தங்கட ஒண்டை விட்டிட்டெல்லோ போயிருக்கவேணும்?" என்றார் அவளுடைய கணவர். "அப்பிடியெண்டால் ஒருத்தர் மூண்டு சப்பாத்தோட போயிருக்கிறார்."

எல்லாரும் சிரித்தார்கள். இடது சப்பாத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். பிறம்ரனிலிருந்து ஒரு அன்ரி, "எனக்கு ரெண்டு காலுக்கும் ரெண்டு கிடக்கு, கர்த்தருக்குத் தோத்திரம்" என்று பதில் போட்டார். அதற்கும் சிரித்தார்கள். என் மனைவி வீட்டுக்காரியின் செருப்பைப் போட்டுக்கொண்டு இரவல் காரில் வந்து ஏறினாள். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகு, "இனி ஸ்நோ தானே," என்றாள்.

இதுதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. குருவி வராமல் இருந்திருக்கலாம். தண்ணீர் கலங்காமல் இருந்திருக்கலாம். இந்த ஊரில் பனி வராமல் இருக்காது. அவளுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் காலை வேலை. வீட்டு வாசலிலிருந்து பஸ் தரிப்புக்கு நடந்துதான் போகவேண்டும். வேலையை விடச் சொன்னேன். "வீட்டுக்குள்ள இருந்தால் சாகாமல் விடுவினமோ?" என்று கேட்டாள். வானிலைச் செய்தி வந்தால் இருவரும் வேறு எங்கேயாவது பார்ப்போம்.

நவம்பரில் பாஞ்சோக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சும்மா வருகிறவர் இல்லை. மனைவி அவருக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தாள். இரண்டைச் சாப்பிட்ட பிறகும் விஷயத்துக்கு வரவில்லை.

"அந்தப் பாட்டு," என்றார் கடைசியில். "தெற்கே அமெரிக்காவில் ஒரு பாடகர் கேட்டுவிட்டார். யாரோ போனில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இசைத்தட்டில் போட விரும்புகிறார்." பாடகரின் பெயரைச் சொன்னார். எங்கள் கோஷ்டியின் வான் வண்டியில் நாங்கள் வாய் மூடிக் கேட்கிற குரல் அது.

நான் ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"ஒரு நிபந்தனை இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பாட்டு அவர் எழுதியதாக இருக்கவேண்டுமாம். முழுக்க அவர் பெயரில். நீ எழுதியதாக எங்கேயும் வராது. இந்தத் தொழிலில் இது நடக்கிறதுதான். நீ கோபிக்கலாம், நானும் கோபித்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ தூக்கியதுபோல இருந்தது. இருபது வருஷம் வாசித்ததற்கு ஒரு பாட்டாவது என் பெயரில் வெளியே போகவேண்டும் என்று நினைத்தவன்தான் நான். அந்த நேரம் என் பெயர் அதிலிருந்து போய்விடும் என்பதுதான் காதில் விழுந்தது. மனைவியைப் பார்த்தேன். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

அவள் தமிழில் என்னைக் கேட்டாள். "எழுதினது அந்த ஆள் எண்டு போட்டால், இது அங்க போயிடுமோ?"

"தெரியாது. போகும்போலத்தான் கிடக்கு."

அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, பாஞ்சோக்காரரிடம் இங்கிலீஷில் கேட்டாள். "அவருக்கு மனிசி இருக்கோ?"

பாஞ்சோக்காரருக்கு விளங்கவில்லை. பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற மாதிரி என்னைப் பார்த்தார். "இருக்கிறாள். போன கோடையில்தான் கலியாணம் நடந்தது. நல்ல பிள்ளை. ஒருமுறை பேசியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சிரிப்பாள்."

மனைவி எண்ணெய்க் கையைத் துவாயில் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம். குடுக்க வேண்டாம்."

"இஞ்சேரும், யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சாச்சு. என்ர வயசென்ன, அந்தப் பிள்ளையின்ர வயசென்ன?"

நான் பாஞ்சோக்காரரிடம் முடியாது என்று சொன்னேன். பெயர் போடாததுதான் காரணம் என்று அவர் எடுத்துக்கொண்டார். உனக்கு மானம் இருக்கிறது, சந்தோஷம் என்றார். ஆனால் வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட அவருக்கு நெடுநேரம் எடுத்தது. அவருக்கும் வயதாகிவிட்டது. எங்கள் கோஷ்டிக்கு அப்படி ஒரு கதவு இனித் திறக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பனி அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு காலை எழும்பித் திரையை விலக்கினேன். தெருவில் சத்தமே இல்லை. வாசலிலிருந்து நடைபாதை வரைக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. மனைவி வேலை உடுப்போடு எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நான் ஒண்டு யோசிச்சனான். சிரிக்கக்கூடாது," என்றாள்.

"சொல்லும்."

"நான் பின்பக்கமா நடந்து போறன். அப்ப காலடி வீட்டுக்கு வாறமாதிரித்தானே கிடக்கும். போற அடி ஒண்டும் இராது."

நான் சிரிக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கூடப் போனேன். அவள் முகத்தை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, புதுச் சப்பாத்தின் குதியால் பனியைத் தட்டித் தட்டிப் பின்னால் அடியெடுத்து வைத்தாள். விழுந்துவிடுவாள் என்று நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். "கல் ஒண்டு கிடக்கு, இடப்பக்கம் வாரும்." "எந்த இடப்பக்கம்? என்ர இடமோ உங்கட இடமோ?" முன்வீட்டு யன்னலில் திரை விலகியது. "பாக்கினம்," என்றேன். "பாக்கட்டும். விசரெண்டு நினைக்கட்டும்," என்றாள்.

பஸ் வந்தது. ஏறும்போதும் முதுகுப் பக்கமாக ஏறப் போனாள். சாரதி, "அம்மா, கால் கவனம்," என்றார். அவள் யன்னலோரம் இருந்து கையசைத்தாள். பஸ் போய்விட்டது.

திரும்பி வந்து எங்கள் வாசல் முனையில் நின்று பார்த்தேன். தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒரு பெண்ணின் காலடிகள் ஒழுங்காகக் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகிற ஒரு ஆணின் காலடிகள். நான் நேராகத்தானே நடந்திருக்கிறேன். அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டு வந்ததில் என் காலை நான் பார்க்கவில்லை.

உள்ளே போனால் வருகிற அடியும் விழுந்துவிடும். ஆனாலும் காலை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக் கிழவர் பனி அள்ளுகிற இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். நான் களைத்துப்போய் நிற்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் காட்டி ஒதுங்கச் சொல்லிவிட்டு, எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துத் தந்தார். கறுப்புத் தார்தான் மிச்சம். போனது யார், வந்தது யார், ஒன்றும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு அதன் மேல் நடந்து உள்ளே போனேன்.

அன்று சாயந்தரம் அவள் வந்துவிட்டாள். கையில் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்தாள். என் காலடியைப் பற்றி அவளுக்கு நான் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை. மதுச்சாலையில் உட்கார இடமில்லை. பாஞ்சோக்காரர் அடுத்த பாட்டைச் சொல்ல வாய் திறக்கும் முன் யாரோ அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இன்னொரு மேசையிலிருந்தும் கேட்டார்கள். "அதற்குச் சொல் தொலைந்துவிட்டது, வெறும் மெட்டைத்தான் வாசிக்கலாம்," என்று அவர் பகிடியாகச் சொன்னார். என்னைப் பார்த்தார். வெறும் மெட்டுத்தானே என்று நான் தலையாட்டினேன்.

இரண்டு வரி வாசித்திருப்பேன். முன்மேசையில் ஒரு பெண் மெல்லிய குரலில் குருவி என்று தொடங்கினாள். அவளுடைய புருஷன் சேர்ந்தான். பிறகு அடுத்த மேசை. சுவரோரம் நின்றவர்கள். சமையலறை வாசலில் சட்டி கழுவுகிறவன். எல்லாருக்கும் சொல் பாடம். ஒருவரும் கத்தவில்லை, கோயிலில் பாடுவதுபோலப் பாடினார்கள். குருவி வந்தது, தண்ணீர் கலங்கியது. கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். சப்பாத்து வந்தபோது ஒரு கிழவர் பக்கத்தில் இருந்த கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டார். தாங்கள் என்ன சொல்லுகிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முடிந்தது. என் முறை. பாஞ்சோக்காரர் ஒதுங்க, நான் மைக்குக்கு முன்னால் போனேன். வழக்கமாக வாசிப்பதை வாசித்தேன். கடைசிச் சுரத்துக்கு வந்ததும் அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நாலாவதைத் தொடங்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்தச் சுரத்தை விடவில்லை. அதிலிருந்து மேலே ஏறி மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். முடிகிற இடம் வந்தது. மறுபடி மூச்சு. மறுபடி ஏறினேன். பாஸ்காரர் சிரித்துக்கொண்டு கூட வந்தார். அடுத்த சுற்றில் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கை எரிந்தது, வில்லின் மயிர் இரண்டு மூன்று அறுந்து தொங்கியது. ஒவ்வொரு தடவையும் வாய் திறந்தவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். ஒருவர் கிளாசை எடுத்தார். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதில் என்னவோ சொன்னாள். கிழவர் கையை விட்டுவிட்டுக் கோட்டைத் தேடினார். பாடுவதற்கு ஒருவரும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் பாஞ்சோக்காரருக்குத் தலையாட்டினேன். அவர் முடித்துவைத்தார்.

எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்படி ஒரு தனி வாசிப்பைத் தாங்கள் கேட்டதில்லை என்று வந்து கையைப் பிடித்துச் சொன்னார்கள். இப்போது அதைக் கேட்பதற்கென்றே தூர இடங்களிலிருந்து வருகிறார்கள். போஸ்டரில் முதல் தடவையாக என் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பாஞ்சோக்காரருக்குச் சந்தோஷம். ஏன் இவ்வளவு நீட்டுகிறாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை.

மனைவிக்கு என் தோளைப் பிடித்துவிடுகிற வேலை கூடிவிட்டது. "இண்டைக்கு எத்தினை தரம் சுத்தினியள்?" என்று கேட்டுக்கொண்டு எண்ணெய் பூசுவாள். எண்ணவில்லை என்பேன். எல்லாரும் வாயை மூடும்வரைக்கும் வாசித்தேன் என்பேன்.

"ஒருத்தரும் பாடேல்லையே?"

"இல்லை."

"வடிவாப் பாத்தனியளோ? பின்னுக்கு இருந்தவை?"

பின்னுக்கு இருந்தவர்கள் மேடை வெளிச்சத்தில் எனக்குத் தெரிவதில்லை. பார்த்தேன் என்றுதான் அவளுக்குச் சொல்கிறேன்.